ஒப்புக்கொண்ட குரல்

பேருந்து நிலைய அறிவிப்பாளர் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று அவரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய குரல் மட்டும் காவல் நிலையத்திலேயே தங்கிவிட்டது. வண்டியில் ஏற்றும்போது பெயரைக் கேட்டார்கள், அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. திமிர் என்று நினைத்து ஒரு காவலர் முதுகில் ஒன்று வைத்தார். மறுநாள் காலை, நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண் பின்பக்கத்து விசாரணை அறையைத் திறந்தபோது, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தவிர ஒன்றுமில்லாத அந்த அறையில் "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று அறிவிப்பாளரின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலிகளை நகர்த்தி அடியில் பெருக்கிவிட்டு வெளியே வந்து, "உள்ள ஆள் இருக்குண்ணே, அப்புறமா துடைச்சுக்கிறேன்" என்று ஏட்டிடம் சொன்னாள். ஏட்டு எட்டிப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார், கதவை மெல்லச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, யாருடைய பையைக் காணோம், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்பதையெல்லாம் யாராவது துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவார்கள். அறிவிப்பாளர் அதை ஒலிபெருக்கியில் படிப்பார். எதையும் இரண்டு முறை படிப்பார், அது வேலையின் விதி. சொந்தமாகப் பேசுவதை ஒரு தடவைக்கு மேல் சொல்லவே மாட்டார், அது அவருடைய சுபாவம். கடைசி வண்டி புறப்பட்டுவிட்டது என்பதை இரண்டு முறை சொல்லி முடித்து, மைக்கை அணைக்குமுன், எந்தச் சீட்டிலும் இல்லாத ஒரு வரியைத் தணிந்த குரலில் ஒரே ஒரு தடவை சொல்வார்: "வீட்டுக்கு வர்றேன்." இரண்டு தெரு தள்ளி, தையல் கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி, ஜன்னலைப் பார்த்து "வாங்க" என்பாள், ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த வரியைக் கேட்டு அக்கம்பக்கத்து அடுப்புகளும் பற்றிக்கொள்ளும். பொது ஒலிபெருக்கியில் சொந்த விஷயம் பேசக் கூடாது என்று பேருந்து நிலைய அதிகாரி ஒருமுறை எச்சரித்து நிறுத்தினார். அன்று அந்த அதிகாரியின் வீட்டிலேயே சாப்பாடு தயாராக நேரமாகிவிட்டதால், மறுநாள் முதல் மறுபடியும் அனுமதித்தார்.

அவளை ஊரில் காஜா அக்கா என்பார்கள். காஜா எடுப்பதும் பித்தான் வைப்பதும்தான் அவள் பிழைப்பு. கல்யாணத்துக்கு முன் அவள் காதலித்தது அந்தக் குரலைத்தான். ஆள் யாரென்று பிறகுதான் பார்த்தாள். வேலைக்குப் போகப் பேருந்து நிலையத்துக்கு வருவாள், தன் வண்டியை அவர் ஒரு தடவை அறிவிப்பார், இரண்டாம் தடவையையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நிற்பாள், வண்டி போய்விடும். இப்படியே பல வண்டிகள் போயின. கடைசியில் ஒருநாள், தூணோரம் நிற்கும் பச்சைப் பை வைத்திருக்கும் பெண் தயவுசெய்து வண்டியில் ஏறிக்கொள்ளவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஒரு தடவைதான் சொன்னது. அவள் அறிவிப்பு அறையைத் தேடிக்கொண்டு போனாள். உள்ளே ஒல்லியாக, காது பெரிதாக, வெட்கத்தில் சீட்டுகளைக் கலைத்து அடுக்கியபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். குரலுக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இருந்தாலும் அவளுக்குப் பிடித்துவிட்டது.

கொலை நடந்தது இப்படி. பயணிகளின் பெட்டி படுக்கைகளை வாங்கி வைத்துக்கொள்ளும் சாமான் அறைக்காரர் ஒருநாள் விடியற்காலையில் தன் அறையில் செத்துக் கிடந்தார். பக்கத்தில் எடை போடும் இரும்புப் படிக்கல் கிடந்தது. அறிவிப்பாளருக்கும் அவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஒலிபெருக்கி சாமான் அறையின் தலைக்கு மேலேயே தொங்கியதால், அவர் மத்தியானத் தூக்கத்துக்காக அதன் வாயில் பழந்துணியைத் திணித்துவிடுவார். சாமான் அறைக்காரர் ஒலிபெருக்கியில் துணி அடைப்பதை உடனடியாக நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்று அறிவிப்பாளர் இரண்டு முறை அறிவித்தார்; நிலையமே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தச் சிரிப்பைத்தான் காவல் துறை கொலைக்கான காரணம் என்று எடுத்துக்கொண்டது. முந்தின இரவு மழையில் கணவருக்குக் குடை கொடுக்கக் காஜா அக்கா அங்கே வந்துபோனதையும் குறித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் அறிவிப்பாளரைப் பின்பக்கத்து அறையில் காலையிலிருந்து உட்காரவைத்தார். சாயந்தரத்துக்குள் அவர் ஒப்புக்கொண்டார்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவரால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாததால், விசாரணை நீதிபதி குரலையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து காவல் நிலையத்துக்கு வந்தார். அதற்குள் குரலின் வழக்கம் எல்லாருக்கும் பழகிவிட்டிருந்தது. காலையில் தொடங்கும், விட்டு விட்டுப் பேசும், ஒப்புதல் வருவதற்குச் சாயந்தரம் ஆகிவிடும். பெரிய மனிதரைக் காக்கவைக்க வேண்டாமே என்று சாயந்தரமாகத்தான் அவரை அழைத்தார்கள். அவர் உட்கார்ந்த சற்று நேரத்தில் குரல் தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "சாமான் அறைக்காரரைப் படிக்கல்லால் அடித்துக் கொன்றது நான்தான். சாமான் அறைக்காரரைப் படிக்கல்லால் அடித்துக் கொன்றது நான்தான்." நீதிபதிக்குத் திருப்தி. எழுந்து கதவோரம் விட்டிருந்த குடையைத் தேடத் தொடங்கினார். ஒரு முறைக்கு இரு முறை, சற்றும் தடுமாறாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார், இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று தீர்ப்பில் எழுதி ஆயுள் தண்டனை கொடுத்தார். அவர் குடையைத் தேடிய சத்தத்தில் குரல் அதற்குப் பிறகு சொன்ன ஒரு வரி அவர் காதில் விழவில்லை. முதன்முதலில் விசாரித்த அன்று ஒப்புதலை எழுதிக்கொண்ட காவல் நிலைய ரைட்டரும் இரண்டாம் தடவை முடிந்ததுமே பேனாவை மூடிவிட்டிருந்தார்.

அந்த வரியைக் கேட்டவள் காஜா அக்கா ஒருத்திதான். வார விடுமுறையில் தைக்கவேண்டிய சட்டைகளையும் நூல்கண்டுகளையும் பச்சைப் பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு வருவாள். முதலில் நடையில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பிறகு, காவலர்களின் காக்கிச் சட்டைகளில் அறுந்து தொங்கிய பித்தான்களை அவள் கேட்காமலே தைத்துக் கொடுத்தபின், ஏட்டு அறையைத் திறந்துவிட்டு மின்விசிறியும் போட்டுவிட்டார். அந்த ஊர்க் காவலர்களைப்போலப் பித்தான் குறையாத காவலர்கள் எங்கும் இல்லை என்று மேலதிகாரிகளே வியந்தார்கள். குரல் இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இன்ஸ்பெக்டரின் பாதி இல்லாததால், பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்பதுபோல இருக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்." இடைவெளி. "நான் அந்தப் பக்கமே போகல." இடைவெளி. மத்தியானத்துக்கு மேல், "அவ குடை கொடுக்க வந்தா சார், அவ்வளவுதான். அவளை எதுக்கு இழுக்கிறீங்க?" அப்புறம் நீண்ட மௌனம்; அந்த மௌனத்தில் இன்ஸ்பெக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒப்புதல், இரண்டு முறை. எல்லாம் முடிந்தபின், தணிந்து, ஒரே ஒரு தடவை: "இப்ப வீட்டுக்குப் போலாமா சார்?"

அவள் ஒவ்வொரு வாரமும் ஊசியை நிறுத்திவிட்டு, "வாங்க, போலாம்" என்பாள். குரல் வராது. மறுநாள் காலையில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அது அவளைக் கேட்கவில்லை, சாரைக் கேட்டது; அனுமதி இல்லாமல் அவர் எந்த இடத்தைவிட்டும் எழுந்துபோனதில்லை. ஒருமுறை அவள் கெஞ்சிக் கேட்டதால் ஏட்டு தொண்டையைச் செருமி, "சரிப்பா, போலாம் போலாம்" என்று சொல்லிப் பார்த்தார். குரல் அசையவில்லை, ஏட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது அதற்குத் தெரிந்திருந்தது. ஒப்புதல் வாங்கிய இன்ஸ்பெக்டர் பதவி உயர்ந்து எங்கோ போய்விட்டார். அவருக்குப்பின் வந்தவர்கள், "கோர்ட்டு சம்பந்தப்பட்டதும்மா, நாங்க வாயைத் திறக்க முடியாது" என்று நழுவினார்கள். நிலையத்துக்கு வெள்ளையடித்தார்கள், கூரை மாற்றினார்கள், ஏட்டுக்குத் தலை நரைத்தது. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்த மறந்தால் குரல் கொஞ்சம் கம்மிப்போகும். அவள் அதற்காகவே வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவாள்.

மாதம் ஒருமுறை சிறையில் அவரைப் பார்க்கலாம். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் உதடுகளை அசைப்பார். சாப்பிட்டியா என்கிறாரா, சளைச்சுட்டியே என்கிறாரா என்று அவளுக்கு முழுதாகப் புரியாது. உதடுகளை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். திரும்பும் வண்டியில் கண்ணை மூடி, அந்த வாரம் கேட்ட குரலை அன்று பார்த்த உதடுகளின்மேல் வைத்துப் பார்ப்பாள். எப்போதும் பொருந்தாது. உதடுகள் அவளிடம் பேசின, குரல் சாரிடம் பேசியது. ஆனாலும் ஊர் வந்து சேரும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவரை முழுதாக, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கேட்கவும் பார்க்கவும் வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் ஏங்கியது. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி ஏங்கியதில்லை.

ஒரு சைக்கிள் திருட்டு வழக்குக்காக நிலையத்துக்கு வந்து காத்திருந்த வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டில் ஒரு பித்தான் ஆடிக்கொண்டிருந்தது. காஜா அக்கா கோட்டை வாங்கித் தைக்கும் நேரத்தில் ஒப்புதல் வந்துபோனது, கேள்வியும் வந்துபோனது. வக்கீலம்மா சைக்கிளை மறந்தார். "என்னம்மா இது, எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்றாரு?"

"எல்லாத்தையும் இல்லம்மா. அடுத்தவங்க எழுதிக் கொடுத்ததைத்தான் ரெண்டு தடவை சொல்வாரு. அவரா பேசினா ஒரு தடவைதான். காலையில இருந்து கேட்டுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

வக்கீலம்மா மறுநாள் காலையிலிருந்து உட்கார்ந்து கேட்டார். அதன்பின் மேல்முறையீடு போட்டார். போடுவதற்கு முன் அவளிடம் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். இந்த ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால், அது வழக்கில் இல்லாததற்குச் சமம். இல்லாத ஒன்று அறையில் பேசிக்கொண்டிருக்காது. "அது அவர்கிட்டத் திரும்பிப் போகும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா. ஒரேயடியா போயிடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

காஜா அக்கா கையிலிருந்த சட்டைக்கு மீதியிருந்த பித்தான்களையெல்லாம் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மனுஷன் இல்லாத குரலோட இத்தனை வருஷம் இருந்து பார்த்துட்டேன்" என்றாள். "குரல் இல்லாத மனுஷனோட இருந்துக்குவேன். போடுங்கம்மா."

மேல்முறையீட்டில் அரசுத் தரப்பு வக்கீல் பேசியதை இன்றும் ஊரில் மெச்சுவார்கள். மிரட்டி வாங்கிய ஒப்புதல் என்றால் மிரட்டியவர் போனதும் மாறியிருக்க வேண்டுமே என்று கேட்டார் அவர். அறையில் அடிக்க ஆள் இல்லை. அடி வாங்க உடம்பும் இல்லை. பசி, தூக்கம், பயம் எதுவும் இல்லாத ஒரு குரல் வருடக்கணக்கில் தினமும் ஒரு சொல் மாறாமல் ஒப்புக்கொள்கிறது. மனம் உவந்து கொடுத்த ஒப்புதல் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? பார்வையாளர்கள் தலையாட்டினார்கள். வக்கீலம்மா அதிகம் பேசவில்லை. ஒப்புதலின் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து நம்ப முடியாது, முன்னும் பின்னும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், அதற்கு ஒருநாள் ஆகும் என்றார். இரண்டு நீதிபதிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் காவல் நிலையத்தின் பின்பக்கத்து அறையில் நீதிமன்றம் கூடியது.

மூத்த நீதிபதிக்குக் காது கொஞ்சம் மந்தம். அன்று பார்த்துக் காது மிஷினை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். ஆனால் ஊருக்கே கேட்டுப் பழகிய குரல் அது, மிஷின் இல்லாமலே அவருக்குக் கேட்டது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர். தெருவில் வழி கேட்டவர்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவருவார் என்று அவருடைய உதவியாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். காலையிலிருந்து இருவரும் நாற்காலியைவிட்டு எழவில்லை. காஜா அக்கா சுவரோரம் நின்றாள். சட்டையோ ஊசியோ அன்று கையில் இல்லாததால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு தடவை. போகவில்லை என்று ஒரு தடவை. அவளை இழுக்காதீர்கள் என்று ஒரு தடவை. பிறகு அந்த நீண்ட மௌனம் வந்தது. இளைய நீதிபதி மெல்லப் பேனாவைக் கீழே வைத்தார். ஒப்புதல் வந்தது, துண்டுச்சீட்டைப் பார்த்துப் படிப்பதுபோல, இரண்டு முறை. யாரும் குடையைத் தேடவில்லை.

"இப்ப வீட்டுக்குப் போலாமா சார்?"

"போலாம்பா" என்றார் மூத்த நீதிபதி. தீர்ப்பாக நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொல்லிவிட்டார். சொன்னபின்தான் தன் பதவி நினைவுக்கு வந்து அரசுத் தரப்பு வக்கீலைச் சங்கடத்தோடு பார்த்தார். ஆனால் அதற்குள் நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. காஜா அக்காவின் முகத்தின்மேல், யாரோ ஒருவர் பக்கத்தில் கடந்துபோகும் அளவுக்குக் கொஞ்சம் காற்று பட்டது. மறுநாள் காலையில் அறை சத்தமில்லாமல் இருந்தது. பெருக்குகிற பெண் இத்தனை வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தரையைத் துடைத்தாள்.

தீர்ப்பு வரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்கள்தான் காஜா அக்காவுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தன. விடுமுறை நாளில் வழக்கம்போல நிலையத்துக்குப் போய், காலி அறையில் உட்கார்ந்து தைப்பாள். ஒரு பித்தானைத் தைப்பாள், பிரிப்பாள், மறுபடி தைப்பாள். ஒப்புதலாகவாவது அந்தக் குரல் இருந்ததே, அதையும் தானே அனுப்பிவைத்துவிட்டோமே என்று வாய்விட்டு அழுதாள். ஏட்டு வெளியே நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கையிலும் மனைவியைக் காப்பாற்றும் பயத்திலும் சொல்லப்பட்டதை வைத்து ஒருவரைச் சிறையில் வைத்திருக்க முடியாது, அதை எடுத்துவிட்டால் வழக்கில் மிஞ்சுவது ஒலிபெருக்கியில் அடைத்த பழந்துணி ஒன்றுதான் என்று தீர்ப்பு வந்தது. அறிவிப்பாளரை விடுதலை செய்தார்கள். சாமான் அறைக்காரரை யார் கொன்றார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பாவப்பட்ட மனிதருக்கு நியாயம் கிடைக்கவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறிவிப்பாளர் வீட்டுக்கு வந்தார். காது முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வாசலில் நின்று உதடுகளை அசைத்தார், சத்தம் வரவில்லை. காஜா அக்கா அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள், பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது, அதை அவள் பல நாள் தைக்கவே இல்லை. இருவரும் சத்தமில்லாமல் வாழ்ந்தார்கள். அவள் சொன்னபடியே அது அவளுக்குப் போதுமாகத்தான் இருந்தது, ஜன்னலோரம் பித்தான் வைக்கும் சாயந்தரங்களைத் தவிர. பிறகுதான் சிறையிலிருந்து ஒரு வார்டன் அந்தப் பக்கம் வந்தபோது சொன்னார். அறிவிப்பாளர் போன மறுநாள், அவர் இருந்த அறையில் ஆள் யாருமில்லாமல் ஒரு குரல் வந்து, "கிளம்பிட்டாரா?" என்று விசாரித்ததாம். ஆமாம், நேற்றே போய்விட்டார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அனுமதி கிடைத்த அன்றே அவரைத் தேடித்தான் அது சிறைக்குக் கிளம்பியிருக்கிறது. யார் உதவியும் இல்லாமல் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்வதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். வார்டன் டீயைக் குடித்துவிட்டுப் போனபின், காஜா அக்கா வாசல் கதவைத் திறந்தே வைத்தாள்.

கொஞ்ச நாளில் அது வந்து சேர்ந்தது. சாப்பிடுகிறீர்களா என்று அவள் கேட்டாள், அவர் உதடுகளை அசைத்தார், அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது, "பசிக்குது, போடு" என்று அவர் குரல் கூடத்தில் கேட்டது. அவள் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது. இவ்வளவு தூரம் அவர் பின்னாலேயே வந்து பழகியதால், அதன்பிறகும் அவருக்குச் சற்றுப் பின்தங்கியே அது வந்தது. காதில் கோளாறா, தொண்டையில் கோளாறா என்று வைத்தியர்கள் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். சண்டை போட்டால்தான் கொஞ்சம் தொல்லை. அவள் சமாதானமாகிப்போனபின் அவருடைய கோபம் வந்து சேரும், இருவரும் சிரித்துவிடுவார்கள். பேருந்து நிலையத்தில் மறுபடி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் மைக்கில் வாயசைத்துக் கொஞ்ச நேரம் கழித்தே அறிவிப்பு வரும் என்பதால் அந்த ஊரில் எல்லா வண்டிகளும் சற்றுத் தாமதமாகத்தான் புறப்படும். பயணிகளும் அதற்குத் தகுந்தாற்போல் வருகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை.

கடைசி வண்டியை அறிவித்துவிட்டு, ஒரு வரிக்கு மட்டும் உதடுகளை அசைத்துவிட்டு, மைக்கைத் திறந்தபடியே வைத்துவிட்டு அவர் கிளம்புவார். இரண்டு தெருவையும் நடந்து, வீட்டுக்குள் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் எதிரில் உட்காருவார். அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பாள். சற்று நேரத்தில் ஊர் முழுக்க ஒலிபெருக்கி சொல்லும், ஒரே ஒரு தடவை: "வீட்டுக்கு வர்றேன்."

"வாங்க" என்று அவள் எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போவாள்.